தறிவீட்டு மோட்டாரும் எர்த் கம்பியும்

ஆரணிப் பட்டு நெசவாளருக்கு வீடே தொழிற்கூடம். ஆகையால் தொழிற்சாலைகளுக்குரிய மின்பாதுகாப்பு முறைகள் நமக்கு எதற்கு என்று அங்கத்தினர் சிலர் எண்ணுகின்றனர். தார் சுற்றும் ராட்டைக்கோ ஜக்கார்டு பெட்டிக்கோ மோட்டார் பூட்டிய வீடுகளில் அவ்வெண்ணம் ஆபத்தானது. குழித்தறியில் அமர்ந்து நெய்பவரின் வெறுங்கால் ஈரம் கசியும் மண்ணில் பதிந்திருக்கிறது. கசிவுள்ள மோட்டாரின் இரும்புக் கூட்டை அவர் கை தொட்டால், மின்சாரம் நிலத்தைச் சேர இதைவிட எளிய வழி வேறில்லை.

ஃபியூஸ் இருக்கும்போது பயமென்ன என்று கேட்பதுண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஈரம் பட்ட உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொண்டால், உடல் வழியே பாய்வது 230 மில்லி ஆம்பியர்; அதாவது கால் ஆம்பியருக்கும் குறைவு. 6 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது ஒரு சுமையே அன்று. இருதயத் துடிப்பைக் குலைப்பதற்கோ, இதில் நான்கிலொரு பங்கு சில வினாடிகள் பாய்ந்தாலே போதும். ஃபியூஸ் காப்பது கம்பியை; ஆளை அன்று.

ஆளைக் காக்கும் ஏற்பாடு இரண்டு. முதலாவது, மூன்று பின் கொண்ட பிளக்கின் பெரிய பின். மற்ற இரண்டினும் அது நீளமாக அமைந்திருப்பது காரணம் பற்றியே. சாக்கெட்டில் முதலில் நுழைவதும் இறுதியில் விலகுவதும் அதுவே. மோட்டாரின் கூடு இதன் வழியாகத்தான் 'எர்த்' எனப்படும் நிலத்தொடர்பைப் பெறுகிறது. இத்தொடர்பை 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் வற்புறுத்தின. மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் வற்புறுத்துகின்றன. ஆயினும் தறிவீடுகளுக்குச் செல்லும்போது, அந்தப் பின்னுக்குக் கம்பியே இணைக்காத பிளக்குகளையும், பிளக்கே இன்றித் தீக்குச்சி செருகி நிறுத்திய வெறுங்கம்பிகளையும் காண நேர்கிறது. சிலர் எர்த் கம்பியைக் குடிநீர்க் குழாயில் கட்டியிருப்பர். குழாய் பிளாஸ்டிக்காக மாறிய பிறகு அக்கட்டு வெறும் அலங்காரமே. எர்த்தை நியூட்ரலோடு சாக்கெட்டுக்குள் இணைப்பது இன்னும் கொடிது. நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டால் மோட்டாரின் கூடு முழுவதிலும் மின்சாரம் ஏறிவிடும்.

கோடையில் மண் வறண்டால் எர்த் குழியின் தடை மிகும். அப்போது ஃபியூஸ் எரியும் அளவுக்கு மின்சாரம் ஓடாது. ஆகவே குழிக்கு நீர் ஊற்றிவர வேண்டும். அதனினும் உறுதியான துணை, இரண்டாவது ஏற்பாடாகிய ஆர்.சி.சி.பி. சங்கக் கணக்கர் வரவையும் செலவையும் ஒப்பிடுவது போல, போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் அது ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் காணப்பட்டால், ஒரு வினாடியில் மூன்றிலொரு பங்கு கழியுமுன் இணைப்பைத் துண்டித்துவிடும். தனித்தனியே வாங்க இயலாதோருக்குச் சங்கமே மொத்தமாக வாங்கிக் கொடுத்து, தொகையைக் கூலியில் தவணையாகப் பிடித்துக்கொள்வது தகும் என்பது என் கருத்து.

சாயப்பட்டறைக்கு வீட்டுச் சாக்கெட்டு உதவாது. நீர் தெறிக்கும் இடத்திற்கு மூடியுடன் கூடிய தொழிற்சாலைச் சாக்கெட்டே வேண்டும். 230 வோல்ட்டுக்கு நீலம், மும்முனை மின்சாரத்திற்குச் சிவப்பு என நிறம் வகுத்திருக்கின்றனர். பின்களின் அமைப்பு வேறாகையால் ஒன்றின் பிளக் மற்றொன்றில் நுழையாது.

இவ்வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று குறித்த பொத்தானை மாதம் ஒருமுறை, கூலி பெறும் நாளன்று, அழுத்திப் பார்க்கலாம். உடனே மின்சாரம் நிற்கவில்லையேல் அக்கருவியை அன்றே மாற்றிவிட வேண்டும்.