இருபது அங்குல ரிம்மும் மாமாவின் கணக்கும்

ஸ்காபரோ
செப்டம்பர் 22

அன்பு மருமகனுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை மாமியும் பார்த்தா. "நல்ல வடிவாத்தான் இருக்கு" என்றா. வடிவு இல்லையென்று நானும் சொல்லவில்லை. கறுப்பு அலோய் ரிம், இருபது அங்குலம், அதன்மேல் 305 அகலத்தில் கட்டை கட்டையான ரயர். அதைப் போட்டுக்கொண்டு உன் எஃப்-150 பிக்கப் சட்பரிக்குள் போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் உனக்கு இது முதல் குளிர்காலம், அதுவும் வடக்கில். அந்தக் காசை எதில் போடலாம் என்று சொல்கிறேன். போனில் சொன்னால் "ஓம் மாமா, ஓம் மாமா" என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வாகனம் விற்றவன், "இப்ப கிடக்கிற ரயரே ஸ்நோவுக்குக் காணும், எம் பிளஸ் எஸ் என்று போட்டிருக்கு" என்றானாம். அந்த எழுத்துகள் சேற்றையும் ஸ்நோவையும் குறிக்கும், சரி. ஆனால் ரயரின் மேற்பரப்பில் வெட்டும் இடைவெளியும் எப்படி இருக்கின்றன என்பதை வைத்துச் செய்கிறவர்களே அதைப் பொறித்துக்கொள்ளலாம். ஸ்நோவில் ஓட்டிச் சோதித்துக் கொடுப்பது வேறு சின்னம்: மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. ரயரின் பக்கச் சுவரில் கைவிரல் அளவில் இருக்கும், குனிந்து பார். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் இல்லாமல் றோட்டில் இறங்க முடியாது. எங்கள் ஒன்ராறியோவில் அப்படிச் சட்டம் இல்லை. 2016 இலிருந்து இன்சூரன்ஸ்காரர் வின்ரர் ரயருக்குக் கழிவு கொடுக்கவேண்டும் என்று மட்டும் இருக்கிறது. கேட்டு வாங்கு, பில்லைப் பத்திரமாக வை.

மற்ற ரயருக்கும் வின்ரர் ரயருக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று கேட்பாய். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து நகத்தால் அழுத்திப் பார், தெரியும். சாதாரண ரயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே போகப் போக இறுகும். சட்பரியின் தை மாதக் காலையில் அது பலகைபோல இருக்கும். வின்ரர் ரயரின் கூட்டு வேறு, அந்தக் குளிரிலும் இளகி நின்று றோட்டைப் பிடிக்கும். இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கட்டையிலும் பிளேட்டால் கீறியதுபோல மெல்லிய கோடுகள் நிறையத் தெரியும். ஜோன் சைப் என்ற அமெரிக்கர் 1923 இல் காப்புரிமை எடுத்த வேலை அது. இறைச்சி வெட்டுகிற இடத்தில் ஈரத் தரை வழுக்காமல் இருக்கத் தன் சப்பாத்து அடியைக் கீறிப் பார்த்தாராம். டோயோக்காரர் தங்கள் வின்ரர் ரயரில் வால்நட் கோதையே தூளாக்கிச் சேர்க்கிறார்கள், ஐஸைச் சுரண்டுவதற்கு. மாமி நம்பவில்லை. நானும் முதலில் நம்பவில்லை.

ஒன்றைக் கவனத்தில் வை. ஐஸ் மிக மோசமாக இருப்பது கடும் குளிரில் என்று நினைக்காதே. பூச்சியத்துக்குக் கிட்ட நிற்கும்போதுதான் மேலே மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும். அப்போதுதான் வழுக்கல் கூட.

"ஃபோர் வீல் இருக்குத்தானே மாமா" என்றாய். இருக்கிறது. சிக்னலில் எல்லாருக்கும் முதல் கிளம்புவாய். பிறேக் எல்லா வாகனத்துக்கும் நாலு சில்லிலும்தான் இருக்கிறது, கண்டியோ. நிற்கிறதிலும் வளைகிறதிலும் உனக்கும் பக்கத்தில் வருகிற சின்னக் காருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. உன்னுடையது பாரம் கூட, அவ்வளவுதான். காய்ந்த றோட்டில் அதை ஃபோர் ஹையில் போட்டு ஓடவும் வேண்டாம், கியர்ப் பக்கம் நெரிபடும்.

நான் படித்த பாடம் 1996 தையில். அப்போது என்னிடம் இருந்த பிக்கப் பின்சில்லு இழுவை. காசு மிச்சம் பிடிக்க இரண்டே இரண்டு வின்ரர் ரயர் வாங்கிப் பின்னால் போட்டேன். இழுக்கிற சில்லுக்குத்தானே பிடிப்பு வேண்டும் என்பது என் கணக்கு. ஒரு மாதம் நல்லாய்த்தான் ஓடினது. ஒரு நாள் விடியப்புறம் 401 பெருந்தெருவிலிருந்து மார்க்கம் றோட்டுக்கு இறங்குகிற வளைவு. ஸ்ரியரிங்கை வலப்பக்கம் திருப்பினேன், வாகனம் நேரே போனது. இன்னும் திருப்பினேன், இன்னும் நேரே போனது. சத்தம்கூட இல்லை. ஓரத்தில் குவித்திருந்த ஸ்நோவுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. எனக்கு ஒன்றுமில்லை. பின்னால் வந்த ட்ரக் ஒரு முழத்தால் விலகிப் போனதைக் கண்ணாடியில் பார்த்தேன். அன்றைக்குப் பின்னேரமே மற்ற இரண்டையும் வாங்கினேன். ஆகவே நாலும் ஒரே இனம், ஒரே அளவு. இதில் பேரம் இல்லை.

இப்போது ரிம் கதைக்கு வருகிறேன். வின்ரர் ரயருக்குத் தனியாக நாலு ரிம் வாங்கு. ஒரே ரிம்மில் என்றால், ஐப்பசியில் கழற்றிப் பூட்டி, சித்திரையில் திரும்பக் கழற்றிப் பூட்டி, ஒவ்வொரு முறையும் பலன்ஸ் பிடிக்கக் காசு கொடுக்கவேண்டும். ரயரின் விளிம்பும் கழற்றுகிற மெஷினில் கிழியக்கூடும். இரண்டாம் செட் இருந்தால் உன் டிரைவ்வேயில் நீயே ஒரு மணித்தியாலத்தில் மாற்றலாம். கோடை ரயரும் அரைவருடம் ஓய்வெடுப்பதால் நீடிக்கும்.

எந்த ரிம்? பதினேழு அங்குல இரும்பு. உன் 2018 மொடலுக்குக் கம்பனியே பதினேழிலும் விட்டிருக்கிறது. இப்போது உன்னிடம் கிடப்பது 275/65, பதினெட்டு. அதற்குப் பதில் 265/70, பதினேழு போட்டால் விட்டம் 81.5 சதமமீற்றரிலிருந்து 80.3 ஆகும். மீற்றர் 100 காட்டும்போது நீ ஓடுவது 98.5, ஒரு பாதகமும் இல்லை. பக்கச் சுவர் கொஞ்சம் உயரமானதால் ஸ்நோவுக்குள் மறைந்திருக்கும் குழியில் விழுந்தாலும் ரிம் தப்பும். அகலம் குறைந்த ரயர் ஸ்நோவை வெட்டிக்கொண்டு கீழே இறங்கிப் பிடிக்கும். நீ அனுப்பிய 305 அதன்மேல் மிதக்கும். இரும்பில் உப்புப் பட்டுத் துருப்பிடிக்கும்தான், வடிவும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை கறுப்பு ஸ்பிறே அடித்தால் போதும். என் இரும்பு ரிம் பதினொரு குளிர்காலம் கண்டுவிட்டது.

கிஜிஜியில் பழைய ரிம் பார்க்கிறாய் என்றால் கவனம். சில்வராடோ பிக்கப்பின் ரிம்முக்கும் ஆறு ஓட்டை, உன்னுடையதுக்கும் ஆறு ஓட்டை. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். உன்னுடையதின் ஓட்டைவட்டம் 135 மில்லிமீற்றர், அதனுடையது 139.7. பூட்ட முடியாது. நடு ஓட்டை 87.1 இற்குக் குறையவும் கூடாது. முதலில் ஒரு ரிம்மை முன்பக்கம் பூட்டி, பிறேக்கில் முட்டாமல் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகு காசு கொடு. பழைய ரயரோடு சேர்த்து விற்றால் பக்கச் சுவரில் உள்ள டி.ஓ.டி இலக்கத்தின் கடைசி நாலு எண்ணைப் பார். 3519 என்றால் 2019 இன் 35ஆம் கிழமையில் செய்தது. வெட்டின் ஆழம் 4 மில்லிமீற்றரைக் கிட்டியிருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

வேலையிடத்துப் பெடியள் "பத்துப் பிளை எல்.ரி ரயர் போடு, ட்ரக் எல்லோ" என்பார்கள். கன பாரம் ஏற்றுகிறவர்களுக்கான ரயர் அது. சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் எல்.ரி என்று இல்லாவிட்டால் உனக்கு அது தேவையில்லை. நீ கொண்டுபோவது ஏணியும் வயர்ச் சுருளும். பத்துப் பிளை கூடுதல் காற்றுக் கேட்கும், வெறும் வாகனத்தில் கட்டைபோலக் குதிக்கும். தாளில் உள்ள பாரச் சுட்டெண்ணுக்குக் குறையாமல் வாங்கினால் போதும். ஆணி ரயருக்கு வடக்கில் இருக்கிற உங்களுக்கு செப்டம்பர் 1 முதல் மே 31 வரை அனுமதி உண்டு, தெற்கில் இருக்கிற எனக்கு இல்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை நானூறு கிலோமீற்றர் ஓடி இங்கே வருகிற உனக்கு அந்த இரைச்சல் எதற்கு? 69, 400 பெருந்தெருக்களில் ஜோர்ஜியன் பேயிலிருந்து ஸ்நோ திரையாக வந்து மூடும்போது ஆணி உதவாது. அடுத்த வெளிவாசலில் இறங்கி ஒரு கோப்பி குடித்துக்கொண்டு இரு.

பிக்கப்பின் பெட்டி வெறுமையாக இருந்தால் பின்பக்கம் பாரமில்லாமல் அலையும். 60 இறாத்தல் மண்பை நாலு வாங்கி, பின் அச்சுக்கு நேர் மேலே, நகராதபடி கட்டிவை. புதைந்துபோனால் அதே மண்ணைச் சில்லுக்குக் கீழே கொட்டலாம்.

பூட்டும்போது அச்சு முகத்தில் பிடித்திருக்கும் துருவைக் கம்பிப் பிரஷால் தேய்த்து எடு. இல்லாவிட்டால் சித்திரையில் ரிம் கழலாது, உதைத்துக்கொண்டு நிற்பாய். நட்டுகளை நட்சத்திர ஒழுங்கில் 150 இறாத்தல்-அடிக்கு இறுக்கு. நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டுத் திரும்ப ஒருமுறை இறுக்கு. நான் ஒரு வருடம் அதை மறந்து, பிக்கறிங் கிட்ட "டக் டக்" என்று கேட்டு ஓரம்கட்டிப் பார்த்தால் இரண்டு நட்டைக் காணவில்லை.

காற்றும் குளிரில் சுருங்கும். ஐந்தாறு பாகை இறங்க ஒரு பி.எஸ்.ஐ குறையும். இருபது பாகையில் 35 பிடித்தது மைனஸ் 25 இல் 27 ஆக நிற்கும். புது ரிம்முக்குக் காற்றழுத்தச் சென்சர் வாங்காவிட்டால் டாஷில் மஞ்சள் விளக்கு குளிர்காலம் முழுக்க எரியும். வாங்காவிட்டால் பரவாயில்லை, ஆனால் கையில் ஒரு கேஜ் இருக்கவேண்டும். பெட்டிக்குக் கீழே தொங்குகிற ஸ்பெயர் சில்லை இப்போதே ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார். உப்பில் அந்தக் கம்பி இறுகியிருந்தால் மைனஸ் 25 இல் நடுவழியில் அதோடு மல்லுக்கட்டவேண்டி வரும்.

நீ கழற்றும் கோடைச் சில்லுகளில் எது எந்தப் பக்கம் என்று சோக்கால் எழுதி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மூடிவை. உன் பேஸ்மென்டில் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

முதல் ஸ்நோ விழுந்த அன்றைக்குக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. ஐப்பசி நீள விடுமுறைக்கு நீ இங்கே வருகிறாய்தானே? என்னிடம் டோர்க் ரென்ச்சும் நல்ல ஜக்கும் இருக்கின்றன, இரண்டு பேருமாகச் சேர்ந்து பூட்டுவோம். அதற்கு முதல் அந்தக் கதவுத் தூண் தாளை வடிவாகப் படம் எடுத்து அனுப்பு. ரிம் ஓடர் பண்ண எனக்கு அது வேண்டும்.

அன்புடன்,
மாமா