ஏலப்பூ வாழ்த்து அட்டை



1843-இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை அச்சிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். நாமோ அதைக் கையாலேயே செய்வோம்.

தடித்த வெள்ளைத் தாளை இரண்டாக மடியுங்கள். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, வழவழப்பைத் துணியால் ஒற்றியெடுங்கள். கெட்டியாகக் கரைத்த நீர்வண்ணத்தில் தொட்டு ஓரங்களில் அச்சிட்டால், ஐந்திதழ்ப் பூக்கள் வரிசையாக மலரும்.

நடுவில் நம் மலையின் ஏலப்பூ. இதற்கு அச்சு உதவாது, தூரிகைதான் வேண்டும். அதன் வெள்ளை இதழில் ஊதாக் கோடுகள் ஓடும். நீர்வண்ண ஓவியத்தில் தாளின் வெண்மையே வெள்ளை நிறம். ஆகவே இதழின் இடத்தை விட்டுவிட்டு, சுற்றிலும் வெளிர்பச்சை பூசுங்கள். நன்றாகக் காய்ந்தபின், மெல்லிய தூரிகையால் ஊதாக் கோடுகளை இடுங்கள். ஈரத்தில் இட்டால் கோடு பரவிவிடும்.

ஏலப்பூ செடியின் உச்சியில் பூப்பதில்லை; தூரிலிருந்து கிளம்பும் சரத்தில், தரைக்கு அருகிலேயே பூக்கும். போடியிலிருந்து ஜீப்பில் மலையேறிக் காய் எடுக்கும் தாய்மார் குனிந்துதான் அதைக் காண்கிறார்கள். அவர்கள் நன்கறிந்த அந்தப் பூ கடை அட்டைகளில் கிடைப்பது அரிது. எனவே இந்தக் கிறிஸ்துமஸுக்கு நாம் செய்யும் முதல் அட்டை அவர்கள் கைக்கே போய்ச் சேரட்டும்.