ஒரே வாசலில் இரண்டு வைத்தியம்



நோயாளிகளின் படுக்கையருகே உட்காருவதுதான் என் வேலை. மருந்து எழுதுவது அல்ல. ஆனாலும் இம்முறை ஒரு வைத்திய காரியத்தை உங்களோடு சேர்ந்து படிக்க விரும்புகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் மணிப்பூர் மலைப்பகுதியிலிருந்து ஒரு வாலிபன், பஸ்ஸும் ரயிலுமாகப் பல நாள் பிரயாணம் செய்து, அக்காவின் துணையோடு எங்கள் வார்டுக்கு வந்தான். எச்.ஐ.வி. மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாதவன். வயிறு வீங்கியிருந்தது, கண்கள் மஞ்சள். எச்.ஐ.வி. முற்றிவிட்டது என்றே நான் எண்ணிக்கொண்டேன். டாக்டரம்மா திருத்தினார்கள்: "அது அடங்கித்தான் இருக்கிறது, ஐயா. போனது ஈரல்."

அவனுக்கு ஹெபடைடிஸ் சி இருப்பதை ஊரிலேயே கண்டுபிடித்து, ஈரல் நிபுணரைப் பார்க்கச் சீட்டும் கொடுத்திருந்தார்கள். சீட்டு மடித்தபடியே அக்காவின் பையில் இருந்தது. வேறு ஊர், வேறு வரிசை, பஸ் செலவு. அதைவிட, ஊசி போட்டுக்கொண்ட கதையை இன்னொரு அந்நியரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டுமே என்ற வெட்கம். இரண்டு வாரத்தில் அவனை அடக்கம் செய்தோம்.

மணிப்பூர் மியான்மர் எல்லையில் இருக்கிறது. 1980களில் அங்கே ஹெராயின் பரவியது. ஒரே சிரிஞ்சைப் பலர் பகிர்ந்தார்கள். அந்த ஊசி வழியே இரண்டு கிருமிகளும் போயின. எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஹெபடைடிஸ் சி-யும் இருந்தால் ஈரல் சீக்கிரமாய்ச் சுருங்கும்.

முன்பு இதற்கு இன்டர்ஃபெரான் ஊசி, 48 வாரம் வரைக்கும். காய்ச்சலும் மனச்சோர்வும் வாட்டும். நிபுணர் இல்லாமல் கொடுக்க முடியாது. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் அனுமதி பெற்றது. அங்கே ஒரு மாத்திரை விலை 1000 டாலர்! பின்பு இந்தியக் கம்பெனிகள் மலிவாய்ச் செய்தன. டாக்லாடஸ்விரோடு சேர்த்து 12 வாரம் விழுங்கினால், நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்டோருக்குக் கிருமி முற்றிலும் நீங்குகிறது. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இது இலவசம்.

அப்படியானால் இதை ஏன் எச்.ஐ.வி. கிளினிக்கிலேயே கொடுக்கக் கூடாது? உலக சுகாதார நிறுவனமும் 2022-இல் அதையே சொன்னது. பயிற்சி பெற்ற சாதாரண டாக்டரும் நர்ஸும் போதும். நோயாளி எப்படியும் அங்கே வருகிறார். இரத்தம் எடுக்கிறவர் இருக்கிறார், மாத்திரை தவறாதிருக்கப் புத்தி சொல்லுகிறவர் இருக்கிறார். காசநோய்க்குச் சளி பார்க்கும் ஜீன்எக்ஸ்பர்ட் மெஷினிலேயே வேறு கார்ட்ரிட்ஜ் போட்டு இந்தக் கிருமியையும் பார்க்கலாம். அப்படிப் பார்ப்பது அவசியம். முதல் பரிசோதனை கிருமி வந்து போன அடையாளத்தையும் காட்டிவிடும், சிலருக்கு அது தானாகவே நீங்கியிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து டாக்லாடஸ்விரின் பலத்தைக் குறைக்கும். 60 மில்லிகிராமை 90 ஆக உயர்த்த வேண்டும். டோலுடெக்ராவிருக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டையும் ஒரே கை எழுதினால் இது தப்பாது. ஹெபடைடிஸ் பி உண்டா என்றும் முன்னதாகப் பார்க்க வேண்டும். சி போகும்போது பி கிளம்பிவிடக்கூடும். வயிற்றில் நீர் கோத்தவர்களை மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேண்டும்.

தூரம் என்பது கிலோமீட்டர் மாத்திரமல்ல. சுராசந்த்பூரிலிருந்து இம்பால் சுமார் 60 கிலோமீட்டர்தான். 2023 மே மாதம் கலவரம் வெடித்தபின் மலையிலுள்ள குக்கி மக்கள் இம்பாலுக்கும், சமவெளியிலுள்ள மெய்தி மக்கள் மலைக்கும் போகக்கூடாமற் போயிற்று. அப்படிப்பட்ட நாளில் நிபுணர் சீட்டு வெறும் காகிதம்.

கடைசி மாத்திரைக்கு 12 வாரம் கழித்து மறுபடி இரத்தம் பார்ப்பார்கள். கிருமி இல்லையானால் சுகம். ஆனால் இதற்குத் தடுப்பூசி கிடையாது, பழைய ஊசிக்குத் திரும்பினால் திரும்பவும் தொற்றும். ஆகையால் சுத்தமான சிரிஞ்சும் பூப்ரநார்ஃபின் மாத்திரையும் அதே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும். சிரிஞ்சு கொடுப்பதா என்று நம்மில் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் சுளித்தவன்தான்.