பக்கவாட்டில் ஒரு அடி

பெருக்குவது, குனிந்து கோலம் போடுவது, அடுப்படியில் நிற்பது, படி ஏறுவது என்று பெண்கள் ஆயுசு முழுக்கச் செய்கிற வேலைகளில் காலைப் பக்கவாட்டில் தள்ளி வைக்கிற வேலை அநேகமாக இல்லை. ஆனால் பக்கவாட்டில் விழுந்தால்தான் அடி நேராக இடுப்பெலும்பில் படும். மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலிந்துபோன நமக்கு அது சாதாரண அடி இல்லை.

என் நடையில் ஆட்டம் கண்டதும் வீட்டில் எல்லோரும் முட்டியைத்தான் சொன்னார்கள். பிசியோதெரபிஸ்டோ இடுப்பின் பக்கத் தசையில் விரலை வைத்தார். "ஒவ்வொரு அடியிலயும் கொஞ்ச நேரம் ஒத்தக் கால்லதான் நிக்கிறீங்கம்மா. அப்ப இடுப்பு சரியாம பிடிக்கிறது இதுதான்" என்றார். கையில் மஞ்சள் நிற ரப்பர் பட்டை ஒன்றைக் கொடுத்தார். பல கம்பெனிகளில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் இழுவை கூடும். மஞ்சளில் தொடங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அது நம்மோடு சேர்ந்து நகரும். பட்டையை முட்டிக்கு மேலே வளையமாகப் போட்டு, உடம்பு சாயாமல் ஒரு காலை ஒரு சாண் அளவு பக்கவாட்டில் கொண்டுபோங்கள். திரும்பக் கொண்டுவரும்போது பட்டை வெடுக்கென்று இழுக்கும். விட்டுவிடாமல் மூன்று எண்ணி மெதுவாக இறக்க வேண்டும். எட்டுப் பத்து முறை செய்தால் போதும். கவனித்துப் பாருங்கள், பல சமயம் நகர்கிற காலைவிட நிற்கிற கால்தான் முதலில் நடுங்கும். அந்தக் காலுக்குத்தான் பெரிய பாடம் நடக்கிறது. மூச்சை அடக்காதீர்கள், பிரஷர் ஏறும்.

மிதியடி ஓரத்தில் விரல் தட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. உட்கார்ந்துகொண்டு, பட்டையின் ஒரு முனையைக் கனமான கட்டில் காலில் கட்டி, மறுமுனையைப் பாதத்தின் மேல் மாட்டி, விரல்களை உங்கள் பக்கம் இழுங்கள். பாதத்தைத் தூக்குகிற முன்கால் தசை இதில் வலுவாகும்.

பட்டை மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். நியூஸிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான முதியோர் வீட்டுப் பயிற்சியில் கணுக்காலில் எடை கட்டித் தசைக்கு வலு ஏற்றுவார்கள். கூடவே குதிகாலும் விரலும் தொடும்படி நடப்பது, பக்கவாட்டில் நடப்பது, ஒற்றைக் காலில் நிற்பது எல்லாம் உண்டு. வலு ஒன்று, நிதானம் ஒன்று, இரண்டும் வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டுதலில் 65 வயது தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறது. பட்டைப் பயிற்சி முடிந்ததும் மேடை ஓரமாகவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பக்கவாட்டில் நடக்கிறேன். புடவைக் கொசுவமும் நைட்டி விளிம்பும் பட்டையில் சிக்கும், அதனால் சுடிதார்தான்.

பட்டையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு தொட்டால் ரப்பர் கெடும், வெயிலில் வைத்தாலும் கெடும். வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்து, ஊசிமுனை ஓட்டை தெரிந்தால்கூடத் தூக்கிப்போடுங்கள். தோல் அரித்தால் லேடெக்ஸ் இல்லாத பட்டை கிடைக்கிறது.

தலைசுற்றல் இருக்கிறவர்களும், இடுப்பிலோ முட்டியிலோ ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அம்மாவுக்குப் பட்டை வாங்கிக் கொடுக்கிற பிள்ளைகள் முதல் சில நாளாவது பக்கத்தில் நில்லுங்கள். பிடிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அம்மா மேடையிலிருந்து ஒரு கையை எடுத்துப் பார்ப்பாள்.