எச்சரிக்கைக்கு ஒரு டேக்: எக்ஸ்எம்எல் எழுதுவது எப்படி?

இந்த முறை கம்ப்யூட்டர் பாடம் ஒன்று எழுதுகிறேன். தலைப்பைப் பார்த்துப் பயந்து பக்கத்துத் தாளில் இருக்கும் விடுகதைக்குப் போய்விடாதீர்கள். எக்ஸ்எம்எல் என்பது புரோகிராம் கிடையாது, எழுதுகிற முறைதான். ஐந்தாம் வகுப்புத் தம்பி தங்கைகள்கூட ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அறிவியல் கண்காட்சிக்காக ‘உலோகப் பொடி அறையில் வேலை செய்யும் முறை’ என்று ஒரு தாள் தயாரித்தேன். என் அம்மா பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர் சொல்லச் சொல்ல 9 வரி டைப் அடித்தேன். 5-வது வரி, அறைக்கு வெளியே வாளியில் தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்பது. 6-வது வரி, அலுமினியப் பொடி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த மணல்தான் போட வேண்டும் என்பது. இந்த 6-வது வரியை மட்டும் சிவப்பு எழுத்தில் போட்டேன். திரையில் பார்க்க நன்றாக இருந்தது.

பிறகு ஜெராக்ஸ் எடுத்தேன். ஜெராக்ஸில் ஏது சிவப்பு? ஒன்பது வரியும் ஒரே கறுப்பு. பக்கத்து வீட்டு அத்தை அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவரிடம் ஒரு தாள் கொடுத்தேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “தண்ணி வாளி வெளிய இருக்கும், பொடி பத்துனா தண்ணிய ஊத்தணும். அதான பாப்பா?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சூடான அலுமினியப் பொடியில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வாயு வரும், ஹைட்ரஜன் எரியும். நாம் அணைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தீக்குச் சாப்பாடு போடுகிறோம் என்று அர்த்தம். கலந்து வைத்த மருந்தாக இருந்தால் மணலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று அம்மா சொன்னார். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை நம் ஊர்ப்பக்கம் இன்னும் பேசுகிறார்கள். அன்று 35 பேருக்கு மேல் இறந்தார்கள். உதவி செய்ய ஓடிப்போனவர்களும் அதில் உண்டு.

தப்பு ஜெராக்ஸ் மெஷினில் இல்லை. நான் அந்த வரிக்கு நிறம் கொடுத்தேன், அது என்ன வரி என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ‘சிவப்பு எழுத்து’, அவ்வளவுதான். ‘இது எச்சரிக்கை’ என்று அதற்குத் தெரியாது. எக்ஸ்எம்எல் முறையில் நிறம், எழுத்தின் அளவு எதையும் எழுதுவதில்லை. ஒவ்வொரு பகுதியும் என்ன என்று பெயர் வைக்கிறோம். அந்தப் பெயருக்குத்தான் டேக் என்று பெயர். இதோ பாருங்கள்:

<வேலைத்தாள்>
<தலைப்பு>உலோகப் பொடி அறை</தலைப்பு>
<படி>
<எச்சரிக்கை>அலுமினியப் பொடி பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மணல் மட்டும்.</எச்சரிக்கை>
<செயல்>தேவையான அளவு மட்டும் டப்பாவில் எடுக்கவும்.</செயல்>
</படி>
</வேலைத்தாள்>

டேக் எல்லாம் தமிழில் இருக்கிறதே, கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒப்புக்கொள்ளும்! 1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் விதிகள் வெளிவந்தபோதே, டேக் பெயரில் தமிழ் எழுத்து வரலாம் என்று அதில் இருந்தது. எனக்கு இந்தப் பாடத்தில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

விதிகள் கொஞ்சம்தான். திறந்த டேக்கை மூட வேண்டும், மூடும்போது சாய்கோடு போட வேண்டும். உள்ளே திறந்ததை முதலில் மூடிவிட்டுத்தான் வெளியே இருப்பதை மூட வேண்டும். தீப்பெட்டி வேலை பார்த்தவர்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதே இல்லை. குச்சி பெட்டிக்குள், பெட்டி டஜன் பாக்கெட்டுக்குள், பாக்கெட் பண்டலுக்குள். பாக்கெட்டை ஒட்டாமல் பண்டலை ஒட்டுவோமா? எல்லாவற்றையும் மூடுகிற பெரிய பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். மேலே அது ‘வேலைத்தாள்’. டேக் பெயருக்கு நடுவில் இடைவெளி விடக் கூடாது. ‘தீ எச்சரிக்கை’ என்று பிரித்து எழுதினால் பிழை காட்டும், ‘தீ_எச்சரிக்கை’ என்று அடிக்கோடு போட்டால் சரி. இன்னொன்று, நம் ஊர்க் கடைப் பெயர்களில் ‘& சன்ஸ்’, ‘& கோ’ என்று வருமே, அந்த & குறியை அப்படியே போட்டால் கோப்பு முழுவதும் நின்றுவிடும். அதற்குப் பதில் &#38; என்று எழுத வேண்டும். < என்ற குறி வேண்டுமென்றால் &#60; என்று எழுத வேண்டும். இதில் மட்டும் ஒரு நாள் முழுக்க எனக்குப் போனது.

இனி கருவிகள். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

முதலில் எழுதுவதற்கு ஒரு எடிட்டர். விண்டோஸில் நோட்பேட் போதும், லினக்ஸில் ஜிஎடிட் மாதிரி ஏதாவது ஒன்று. வேர்டு வேண்டாம், ஏனென்றால் அது நாம் எழுதாத விஷயங்களையும் சேர்த்துவிடும். (நம்பிக்கை இல்லையா? ஒரு வேர்டு கோப்பை நகல் எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள டாக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே முழுக்க எக்ஸ்எம்எல் கோப்புகள்தான்! 2007-ல் இருந்து வேர்டு அப்படித்தான் சேமிக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் இபப் புத்தகங்களையும் இதே மாதிரி பிரித்துப் பார்க்கலாம்.)

தமிழ் எழுத தமிழ்99 விசைப்பலகை. விண்டோஸ் 10-ல் 2019-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் அது கூடவே வருகிறது. சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். பழைய நோட்பேடில் தானாக வருவது ஆன்சி. அதில் சேமித்து மூடிவிட்டேன், மறுநாள் திறந்தால் தமிழ் எல்லாம் போய் வரிசையாகக் கேள்விக்குறி. போனது போனதுதான், திரும்ப வராது. மறுபடி முதலில் இருந்து அடித்தேன். பாமினி போன்ற பழைய எழுத்துருவிலும் அடிக்காதீர்கள், யூனிகோட்தான் வேண்டும். கோப்பின் பெயர் கடைசியில் புள்ளி வைத்து எக்ஸ்எம்எல் என்று ஆங்கிலத்தில் போட வேண்டும்.

அடுத்தது சரிபார்க்க. ஃபயர்பாக்ஸில் அந்தக் கோப்பைத் திறந்தால் போதும். டேக் எல்லாம் சரியாக மூடியிருந்தால் மரம் மாதிரி கிளை கிளையாகக் காட்டும். ஏதாவது ஒன்றை மூடாமல் விட்டிருந்தால் எத்தனையாவது வரியில் பிழை என்று சொல்லும். அந்த வரியைக் காட்டி, அதற்குக் கீழே ஒரு அம்புக்குறியும் போடும்.

இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் எக்ஸ்எம்எல்லிண்ட். பக்கத்துத் தெரு அக்காவிடம் அரசு கொடுத்த லேப்டாப் இருக்கிறது, அதில் பாஸ் லினக்ஸ் போட்டிருக்கிறார்கள். எக்ஸ்எம்எல்லிண்ட்டை அதில் நிறுவி முயற்சி செய்தோம். டேக் மூடியிருக்கிறதா என்பதோடு, நாம் எழுதிக்கொடுத்த விதிப்படி தாள் இருக்கிறதா என்றும் அது பார்க்கும். விதி எழுதும் கோப்புக்கு டிடிடி என்று பெயர். ‘ஒரு படி என்றால் முதலில் எச்சரிக்கை வர வேண்டும், பிறகுதான் செயல்’ என்று டிடிடியில் எழுதினேன். வேண்டுமென்றே எச்சரிக்கை வரியை அழித்துவிட்டுக் கொடுத்துப் பார்த்தேன். பிழை என்று உடனே திருப்பி அனுப்பியது! சரியாக இருந்தால் ஒன்றுமே பேசாது. முதலில் எனக்கு வேலை செய்யவில்லை போல என்று தோன்றியது, பேசாமல் இருப்பதுதான் பாஸ் என்று அக்கா சொன்னார்.

ஆனால் என் விதியிலேயே ஒரு தப்பு இருந்தது. எல்லாப் படிக்கும் எச்சரிக்கை கட்டாயம் என்று போட்டுவிட்டேன். அதனால் ‘வேலை முடிந்ததும் கை கழுவவும்’ என்ற படிக்கும் ஏதாவது எச்சரிக்கை எழுத வேண்டி வந்தது. ‘கவனமாகக் கழுவவும்’ என்று எழுதி வைத்தேன். அம்மா படித்துவிட்டுச் சிரித்தார். “எல்லாத்துக்கும் எச்சரிக்கை போட்டா ஒண்ணையும் பாக்க மாட்டோம்மா. கம்பெனி சுவத்துல எத்தனை போர்டு இருக்கு, நாங்க பாக்குறது எத்தனை பேரு உள்ள இருக்கலாம், எத்தனை கிலோ இருக்கலாம்ங்கிற போர்டைத்தான்” என்றார். அதன் பிறகு படியை இரண்டாகப் பிரித்தேன். சும்மா ‘படி’யில் செயல் மட்டும் போதும். ‘ஆபத்துப்படி’ என்றால் எச்சரிக்கை முதலில் இருந்தே ஆக வேண்டும்.

பெரிய இடங்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள். விமானம் பழுது பார்க்கும் கையேடுகளுக்கு எஸ்1000டி என்று ஒரு முறை இருக்கிறது. அதில் ஆளுக்கு ஆபத்து என்றால் ஒரு டேக், பொருளுக்குச் சேதம் என்றால் வேறு டேக். கம்ப்யூட்டர் கையேடுகளுக்கு டாக்புக் என்ற டேக் தொகுப்பு 1991-ல் தொடங்கியது. அதில் குறிப்பு, யோசனை, முக்கியம், கவனம், எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் தனித்தனி டேக் உண்டு, ஆனால் பெயர்கள் ஆங்கிலத்தில். பெரிய புத்தகம் எழுதுகிறவர்கள் டாக்புக்கை எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், ஏனென்றால் அச்சுக்கான அலங்காரக் கோப்புகள் அதற்குத் தயாராகக் கிடைக்கின்றன. நம் தமிழ் டேக்குகளுக்கு நாமேதான் எழுத வேண்டும். ஒரு பக்கத் தாளுக்கு என் ஓட்டு தமிழ் டேக்குக்குத்தான், அம்மாவுக்குக் காட்டினால் கோப்பையே படித்துவிடுகிறார். இதற்கெல்லாம் முன்னோடி 1969-ல் ஐபிஎம்மில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப் என்பவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முறை. கோல்ட்ஃபார்ப் ஒரு வக்கீல்! சட்ட அலுவலகத்துக் காகிதங்களை ஒழுங்குபடுத்தப் போய்த்தான் இது பிறந்தது.

கடைசிக் கருவி எக்ஸ்எஸ்எல்டிப்ராக். டேக் போட்ட கோப்பை, பார்க்கிற பக்கமாக மாற்றித் தருவது இதன் வேலை. எச்சரிக்கை டேக் வந்தால் தடித்த கட்டம் கட்டு, மேலே ‘எச்சரிக்கை’ என்று கொட்டை எழுத்தில் போடு என்று ஒரு அலங்காரக் கோப்பில் எழுதினேன். கட்டம் கறுப்பு, ஜெராக்ஸில் அழியாது. வந்த பக்கத்தை ப்ரௌசரில் திறந்து, அங்கிருந்தே அச்செடுங்கள். யூனிகோடில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, முன்னால் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. ப்ரௌசர் அதைச் சரியாகச் செய்கிறது. இன்னொரு அலங்காரக் கோப்பில், எச்சரிக்கைகளை மட்டும் பொறுக்கி எடு என்று சொன்னேன். ஒரே கோப்பில் இருந்து இரண்டு தாள் வந்தது. முழுத் தாள் படிப்பதற்கு, எச்சரிக்கை மட்டும் உள்ள தாள் கதவில் ஒட்டுவதற்கு. அத்தையிடம் புதுத் தாளின் ஜெராக்ஸைக் கொடுத்தேன். கட்டத்தின் மேல் விரலை வைத்து அதைத்தான் முதலில் படித்தார்.

ஒரு விஷயம் பயமாகவும் இருக்கிறது. சோதனைக்காக எச்சரிக்கை டேக்குக்குள் ‘தண்ணீர் ஊற்றவும்’ என்று தப்பாக எழுதி எக்ஸ்எம்எல்லிண்ட்டிடம் கொடுத்தேன். ஒன்றும் பேசவில்லை, பாஸ்! உள்ளே ஒன்றுமே எழுதாமல் காலியாக விட்டேன், அதற்கும் பாஸ். பெட்டி இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும், பெட்டிக்குள் இருப்பது சரியா என்று அதற்குத் தெரியாது. அதனால் இப்போது வரி மாற்றும் ஒவ்வொரு முறையும் அம்மா சத்தமாக வாசிக்க, நான் கோப்பைப் பார்த்து டிக் அடிக்கிறேன்.

கோப்புகள் நம் லேப்பில் 3-வது கம்ப்யூட்டரில் ‘வேலைத்தாள்’ என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் தீப்பெட்டி, திரி, பேன்சி ரகம் என்று எந்த வேலை பார்ப்பவர்கள் இருந்தாலும் அவர்களிடம் கேட்டு உங்கள் தாளை எழுதுங்கள். புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அங்கேதான் இருப்பேன்.