பெட்டியை எந்தச் சுவரில் மாட்டுவது?



இரவில் மின்சாரம் நின்றுவிட்டது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு விளக்கு என வைத்துக்கொள்வோம். அதை எங்கே மாட்டுவீர்கள்? எல்லோரும் அமர்ந்திருக்கும் கூடத்தில், தலைக்கு மேலே மாட்டுவீர்கள். ஆணி இருக்கிறது என்பதற்காக நடைவழியில் மாட்டமாட்டீர்கள் அல்லவா?

ஆனால் வைஃபை பெட்டியை மாட்டும்போது இந்தத் தவறு எளிதில் நேர்ந்துவிடுகிறது. நான் பணிபுரியும் கல்லூரியிலும் நேர்ந்தது. கேபிள் நடைவழியில் வந்ததால் பெட்டியையும் அங்கேயே மாட்டிவிட்டார்கள். பாடக்குறிப்பு வேண்டிய மாணவர்கள் வகுப்பறையை விட்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார்கள்! ஏன் என்பதை இயற்பியல் கொண்டு ஆராய்வோம்.

இப்பெட்டி ஒரு சிறு வானொலி நிலையம். இதன் அலைகள் ஒரு பிரிவில் நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிர்கின்றன. இதையே 2.4 ஜிகா ஹெர்ட்ஸ் என்கிறோம். அலையின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் 0.125 மீட்டர், அதாவது 12.5 செ.மீ. 5 ஜிகா ஹெர்ட்ஸ் பிரிவில் இது 6 செ.மீ. தான்.

தடையில்லா வெளியில் தொலைவு இருமடங்கானால் அலையின் செறிவு நான்கில் ஒன்றாகிறது. இடையில் சுவர் வந்தால் இன்னும் குறைகிறது. இரும்புக் கம்பி பதித்த கான்கிரீட் சுவர் அதைப் பத்தில் ஒன்றாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்துவிடக்கூடும். இரும்பு பீரோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். நம் உடலில் நீர் மிகுதி. அதுவும் அலையை உறிஞ்சும். ஆகவேதான் பெட்டியைத் தலைகளுக்கு மேலே, பீரோவிலிருந்து விலகி மாட்டவேண்டும்.

“பெட்டியின் திறனைக் கூட்டினால் போதாதா?” என்று கேட்கலாம். போதாது! ஒலிபெருக்கியில் பேசுபவருக்குத் தொலைவிலிருந்து நீங்கள் வெறும் குரலில் பதில் சொன்னால் கேட்குமா? கைப்பேசியின் நிலையும் அதுவே. அது பெட்டியின் பேச்சைக் கேட்கும். அதன் மெல்லிய பதில் பெட்டிக்கு எட்டாது.

நடைவழியில் வரிசையாகப் பல பெட்டிகளை மாட்டினால் வேறொரு தொல்லை வரும். இடையே சுவர் இல்லாததால் அவை ஒன்றையொன்று நன்றாகக் கேட்கும். 2.4 பிரிவில் ஒன்றோடொன்று கலக்காத தடங்களாகப் பொதுவாகக் கொள்ளப்படுபவை 1, 6, 11 என மூன்றே. ஒரே தடத்திலுள்ள பெட்டிகள் முறைவைத்துத்தான் பேசவேண்டும். அதனால் எல்லோருக்கும் தாமதம். பெட்டிகளை வகுப்பறைகளுக்குள் மாட்டினால், அறைச்சுவர்களே அவற்றைப் பிரித்து நமக்கு உதவும்.

இனி ஆண்டெனா. செங்குத்தான கோல் ஆண்டெனா பக்கவாட்டில் நன்கு அலை பரப்பும். தன் நுனியின் திசையில் பரப்பாது. அந்தப் பரவலின் வடிவம் உளுந்து வடையைப் போன்றது. வடை தட்டில் படுத்திருந்தால் அந்த மாடி முழுவதற்கும் பயன். கோலைச் சாய்த்துவிட்டால் வடை நிமிர்ந்து, அலையின் ஒரு பகுதி மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் போய்விடும். கூரைக்கென்று செய்த பெட்டியைச் சுவரில் மாட்டினாலும் அதன் பரவல் இவ்வாறே திரும்பிவிடும்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1993-இல் ‘வயர்லெஸ் ஆண்ட்ரூ’ என்னும் வளாக வலையமைப்புப் பணியைத் தொடங்கியது. அலெக்ஸ் ஹில்ஸ் தலைமையில் நடந்த இப்பணியில், கட்டடங்களுக்குள் அலையின் வலிமையை அளந்து பார்த்தே பெட்டிகளின் இடத்தை முடிவு செய்தார்கள். வரைபடத்தில் எல்லாச் சுவரும் ஒரே கோடுதான். அலைக்கோ ஒவ்வொரு சுவரும் வேறு!

நீங்களும் அளக்கலாம். ஆசிரியரின் அனுமதியுடன் பள்ளிக் கட்டடத்தின் படத்தை வரைந்துகொள்ளுங்கள். கைப்பேசியுடன் ஒவ்வோர் அறையின் நான்கு மூலைகளிலும் நின்று, எத்தனை கோடுகள் தெரிகின்றன என்று குறியுங்கள். கடைசி பெஞ்சுக்கு எட்டவில்லையா? படத்தைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். பெட்டி இடம் மாறவேண்டும் என்பதற்கு அதுவே சான்று.