வயல்நீர்க் குழாயும் டேப்லெட்டும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

டேப்லெட் பாடம் படிக்கவும் படம் பார்க்கவும்தான் உதவும், மின்சுற்றுகளோடு வேலை செய்ய மடிக்கணினியே வேண்டும் என்பது பொழுதுபோக்காக மின்னணுவியல் பழகுவோரிடம் வேரூன்றிய நம்பிக்கை. 2011க்கு முன்பு இது ஏறக்குறைய உண்மையாகவே இருந்தது. வெளிக்கருவியைத் துணைக்கருவியாக ஏற்று அதற்கு மின்சாரமும் கட்டளையும் தரும் 'ஹோஸ்ட்' நிலை, அவ்வாண்டு வந்த ஆண்ட்ராய்டு 3.1 பதிப்பில்தான் செயலிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் புதுதில்லியில் வெளியிடப்பட்ட ஆகாஷ் டேப்லெட்டில் யூஎஸ்பி துளைகள் இருந்தும், அது ஆண்ட்ராய்டு 2.2இல் ஓடியதால் அவ்வாய்ப்பு கிட்டவில்லை. இன்று தில்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் உருவாக்கிய எக்ஸ்பைஸ் என்னும் இயற்பியல் ஆய்வுக் கருவி, மின்னழுத்தத்தை அளந்து டேப்லெட் திரையிலேயே வரைபடமாகக் காட்டுகிறது.

எந்த யூஎஸ்பி கம்பியும் போதும் என்பது அடுத்த நம்பிக்கை. மைக்ரோ வகைத் துளையின் ஐந்து முனைகளில் நான்காவதான அடையாள முனை, தரைமுனையோடு இணைந்திருந்தால்தான் டேப்லெட் தன்னை ஹோஸ்டாக மாற்றிக்கொள்ளும். ஓடிஜி கம்பி எனக் கடைகளில் விற்பது அந்த இணைப்பு உள்ளேயே அமைந்த கம்பிதான்.

இத்தகைய நம்பிக்கைகள் நேரத்தை மட்டுமே வீணாக்கும். பம்ப்செட் மோட்டாரைச் சிறு ரிலேயால் நேரடியாக இயக்கலாம் என்ற நம்பிக்கையோ பொருளையும் உயிரையும் கேட்கும். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்காத ஆண்டுகளில் தஞ்சை வட்டாரக் குறுவைக்கு ஆழ்துளைக் கிணறே கதி என்பதால், நிலத்தில் பதித்த துளையிட்ட வயல்நீர்க் குழாயில் நீர்மட்டம் மண்பரப்புக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலுமான முறைக்கு, அந்த மட்டத்தை உணர்ந்து பம்ப்செட்டை இயக்கும் அமைப்பைச் செய்துபார்க்கும் ஆசை ஆர்வலர்களுக்கு எழுவது இயல்பே. கடையில் வாங்கும் சிறிய நீல நிற ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், தன் முதுகில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்க, 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் ஓட்டத்தில் ஏழெட்டு ஆம்பியரே இழுப்பதால், கணக்கு சரியாகவே தோன்றும். ஆனால் நேரடியாகக் கிளப்பும்போது மோட்டார் அதன் ஆறு மடங்குவரை இழுப்பதால் ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு டேப்லெட்டில் எத்தனை முறை நிறுத்து பொத்தானை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கான்டாக்டரின் சுருளை மட்டுமே ரிலே இயக்கவேண்டும், மிகைச்சுமைக் காப்பைத் தாண்டி எந்தக் கம்பியும் போகக்கூடாது, அந்த இணைப்பையும் உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யவேண்டும்.

அந்த ரிலேயின் சுருளே 70 மில்லி ஆம்பியர் அளவு கேட்கிறது. ரிலேக்குக் கட்டளை தரும் ஆர்டுயினோ ஊனோ பலகையின் ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுப்பது நல்லதன்று. இடையே ஒரு டிரான்சிஸ்டரும், சுருள் அணையும்போது எழும் எதிர்மின்னழுத்தத்தை விழுங்க ஒரு டையோடும் வேண்டும். விற்பனைக்கு வரும் ரிலே பலகைகளில் இவை பெரும்பாலும் உள்ளன. தனி ரிலே வாங்குவோர்தான் ஏமாறுவர்.

நீர்மட்டத்துக்கு மீயொலி உணரியே சிறந்தது என்பதும் முழு உண்மையன்று. ஒலி எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் கணிக்கும் இக்கருவி, குறுகிய குழாய்க்குள் சுவரில் பட்ட ஒலியையும் நீரென்று எண்ணிவிடுகிறது. காந்தம் பொருத்திய மிதவையும், காந்தம் அருகே வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்சும் சேற்றுநீரில் இதைவிட நம்பகமானவை, விலையும் குறைவு.

இவற்றுக்கெல்லாம் டேப்லெட்டை வரப்பிலேயே வைத்திருக்கவேண்டும் என்ற எண்ணமும் பிழை; வெயிலில் கிடந்தால் அதன் லித்தியம் மின்கலம்தான் முதலில் கெடும். இஎஸ்பி32 போன்ற பலகை, இணையமே இல்லாத இடத்திலும், தானே ஒரு வைஃபை வலையை உண்டாக்கி, நீர்மட்டத்தை ஒரு வலைப்பக்கமாகத் தரவல்லது. வயலுக்குப் போகும்போது டேப்லெட்டை அவ்வலையில் சேர்த்து உலாவியில் அப்பக்கத்தைத் திறந்தால் போதும் என்பதால், கம்பியும் ஓடிஜியும் தேவைப்படாமல் ஐபேட் வைத்திருப்போருக்கும் இதே வழி பயன்படும்.